தனுஷ்கோடி

தனுஷ்கோடி (தனுக்கோடி) தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையில் அமைந்துள்ள ஒரு மீனவர் குடியிருப்பு ஆகும். இராமேசுவரம் நகரிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூர், 1914 முதல் 1964 வரை இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தொடர்வண்டி - கப்பல் வழித்தடத்தின் இந்திய முனையமாக விளங்கியது. 1964ஆம் ஆண்டு திசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் தாக்கிய புயலில் ஊர் முழுவதும் அழிந்தது. அதன் பின்னர் மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு இதனை அறிவித்தது. எனினும் மீனவர்கள் திரும்பி வந்து, குடிசைகள் அமைத்து, இன்றுவரை இங்கு வாழ்ந்து வருகின்றனர். 2017இல் நிலமுனை வரை தார்ச்சாலை போடப்பட்டதிலிருந்து பெருந்தொகையான சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். அவர்களுள் பலர் காண வருவது அழிந்த ஊரை. அங்கு வாழும் ஊர் பெரும்பாலும் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

பெயர்

'தனுசு' என்பது வில்லையும், 'கோடி' என்பது முனையையும் குறிக்கும். இலங்கைப் போர் முடிந்தபின் வீடணனின் வேண்டுகோளுக்கு இணங்கி இராமன் தன் வில்லின் முனையால் சேதுவை உடைத்த இடம் இது என்பது தொன்மக் கதை. காசி யாத்திரை செல்வோர் இங்குக் கடலாடிய பின்னரே யாத்திரை நிறைவுறும் என்ற நம்பிக்கை வட இந்தியரிடையேயும் உண்டு. சேதுவைக் காப்பவர் என்ற பொருளிலேயே இராமநாதபுரம் மன்னர்கள் 'சேதுபதி' எனப் பட்டம் பூண்டனர்.

நில அமைப்பும் இரு கடல்களும்

பாம்பன் தீவு மேற்கில் அகன்றும் கிழக்கில் குறுகியும் காணப்படுகிறது. குறுகிய பகுதி, நீண்டதொரு மணல் நாக்குப் போலத் தென்கிழக்கு நோக்கிக் கடலுக்குள் செல்கிறது. அதன் நுனி அரிச்சல்முனை. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் வரை மணல் திட்டுகளும் ஆழமற்ற கடலும் தொடர்கின்றன. ஆதாம் பாலம், இராமர் பாலம், சேது எனப் பல பெயர்களால் வழங்கும் இத்தொடரின் நீளம் 30 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவே. கடலின் ஆழம் பல இடங்களில் ஒரு மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்குள் இருப்பதால் பெரிய கப்பல்கள் இவ்வழியே செல்ல இயலாது.

நாக்கின் வடபுறம் பாக்கு விரிகுடா. தென்புறம் மன்னார் வளைகுடா. சில இடங்களில் சாலையில் நின்றபடியே இரண்டையும் காணலாம். வடபுறக் கடலைப் 'பெண் கடல்' என்றும் தென்புறக் கடலை 'ஆண் கடல்' என்றும் மீனவர் அழைக்கின்றனர். முதலாவது ஆழமற்றது, பெரும்பாலும் அமைதியானது. இரண்டாவது ஆழமானது, அலை மிகுந்தது. ஆயினும் இது ஆண்டு முழுவதற்கும் பொருந்தும் விதியன்று. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வளைகுடா கொந்தளிக்கும். விரிகுடா நிலத்தின் மறைவில் அடங்கியிருக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் இந்நிலை தலைகீழாக மாறும். இரு கடலுக்கும் நடுவே வாழ்பவர்க்கு, ஒன்று மூடினால் மற்றொன்று திறக்கும். வேறு கடற்கரைகளில் எளிதில் கிட்டாத இவ்வசதியே, எத்தனை இன்னல் வந்தாலும் மீனவர் இவ்விடத்தை விட்டு அகலாமைக்கு முதற் காரணம் எனலாம்.

தொடர்வண்டி முனையம்

மதுரையிலிருந்து மண்டபம் வரையிலான இருப்புப்பாதை 1902இல் திறக்கப்பட்டது. மண்டபத்திற்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட கடலின் மேல் ஏறத்தாழ 2 கி.மீ. நீளமுள்ள பாலம் கட்டப்பட்டு, 1914 பிப்ரவரி 24 அன்று போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. கப்பல்கள் செல்வதற்காக இரு கைகளைப் போல மேலெழும் தூக்குப் பகுதி ஒன்று இப்பாலத்தின் நடுவே இருந்தது. அதனை வடிவமைத்த பொறியாளரின் பெயரால் அது செர்சர் தூக்குப் பாலம் எனப்பட்டது.

பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இன்று பலரும் எண்ணுவதற்கு மாறாக, அந்நாளில் இராமேசுவரம் சென்றது கிளைப்பாதை. முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்கே சென்றது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'போட் மெயில்' வண்டி இங்குள்ள துறைப்பாலம் வரை வந்தது. பயணிகள் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் காத்திருக்கும் இலங்கைத் தொடர்வண்டியில் கொழும்பு சென்றனர். சென்னை முதல் கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டு. பிற்காலத்தில் இத்தடத்தில் ஓடிய 'இர்வின்', 'கோஷன்' ஆகிய கப்பல்களின் பெயர்களை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

இவ்வழியே சென்றவர்களில் வணிகரும் யாத்திரிகரும் இருந்தனர். ஆனால் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டுப் பின்னர் தனுஷ்கோடியில் கப்பலேறினர். இன்று மலையகத் தமிழர் எனப்படுவோரின் முன்னோர் பலர் இறுதியாக மிதித்த தமிழக மண் இதுவே.

இப்போக்குவரத்தால் ஊர் வளர்ந்தது. தொடர்வண்டி நிலையம், ஊழியர் குடியிருப்பு, சுங்க அலுவலகம், அஞ்சலகம், துறைமுக அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், கோயில்கள், பயணியர் விடுதிகள் ஆகியன இருந்தன. மீனவர்க்கும் இதனால் பயன் கிட்டியது. பிடித்த மீனும் உலர்த்திய கருவாடும் அன்றே வண்டியேறி வெளியூர் சென்றன.

1964 புயல்

1964 திசம்பர் மாத நடுவில் அந்தமான் கடற்பகுதியில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், கடும் புயலாக வலுப்பெற்று மேற்கு நோக்கி நகர்ந்தது. திசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்று நள்ளிரவில் பாம்பன் தீவைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 240 கி.மீ.க்கும் மேல் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. ஆறு, ஏழு மீட்டர் உயரத்திற்கு எழுந்த கடல்நீர் ஊருக்குள் புகுந்தது.

புயற் காற்றைவிடப் புயல் அலையே பேரழிவை விளைவித்தது. புயலின்போது பலத்த காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளுகிறது. கடல் ஆழமாக இருப்பின் அந்நீர் அடிவழியே திரும்பிச் செல்ல இடமுண்டு. பாக்கு விரிகுடா போன்ற ஆழமற்ற கடலில் அதற்கு வழியில்லை. நீர் குவிந்து உயர்கிறது. தனுஷ்கோடியோ கடல் மட்டத்திலிருந்து மிகச் சிறிதே உயர்ந்த மணற்பரப்பு. ஏறி நிற்க மேடில்லை. ஓடிச் செல்லப் பின்னால் நிலமுமில்லை.

அன்றிரவு 11.55 மணிக்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653 எண்ணுள்ள பயணியர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை அடையச் சிறிது தொலைவே இருந்த நிலையில் அலையில் சிக்கி முழுவதுமாக அடித்துச் செல்லப்பட்டது. அதில் 110 பயணிகளும் 5 ஊழியர்களும் இருந்தனர் என்பது பொதுவாகக் குறிப்பிடப்படும் கணக்கு. பயணச்சீட்டின்றி ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை 200ஐ எட்டும் என்றும் கூறப்படுகிறது. எவரும் உயிர் பிழைக்கவில்லை. தந்திக் கம்பிகள் அறுந்துவிட்டதால், வண்டி அழிந்த செய்தி வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை. புயலில் மாண்டோர் மொத்தம் 1,800க்கும் மேற்பட்டோர் எனப்படுகிறது. வந்து போவோர் மிகுந்த துறைமுக ஊரில், அன்றிரவு தங்கியிருந்தோர் எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடு இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதைக் கருத்திற் கொண்டே இவ்வெண்ணைப் படிக்க வேண்டும்.

பாலம் மீண்டது, ஊர் மீளவில்லை

பாம்பன் பாலத்தின் 145 இடைவெளிகளில் 126இன் உத்திரங்கள் புயலில் கடலுக்குள் விழுந்தன. தூக்குப் பகுதி தப்பியது. சீரமைப்புப் பணிக்குப் பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் (பின்னாளில் கொங்கன் இருப்புப்பாதை, தில்லி மெட்ரோ ஆகியவற்றால் புகழ்பெற்றவர்), கடலில் கிடந்த உத்திரங்களையே மீட்டெடுத்துப் பொருத்தி 46 நாட்களில் பாலத்தைச் செயல்படச் செய்தார். பொறியியல் மாணவர்களுக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் செயல் இது.

ஆனால் மீட்கப்பட்ட பாதை இராமேசுவரத்துடன் நின்றுவிட்டது. பாம்பன் - தனுஷ்கோடி பாதை கைவிடப்பட்டு, காலப்போக்கில் மணலில் மூழ்கியது. இலங்கைக் கப்பல் போக்குவரத்தும் இராமேசுவரத்திற்கு மாற்றப்பட்டது. புயலுக்கு இரண்டு மாதங்கள் முன்னர், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேர் இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. தனுஷ்கோடியில் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் திரும்பி வந்தபோது, இராமேசுவரத்திலேயே இறங்கினர். அக்கப்பல் சேவையும் 1980களில் இலங்கையில் போர் மூண்டதை ஒட்டி நின்றுபோனது.

மீனவர் வாழ்க்கை

பிழைத்தவர்களுட் பலர் இராமேசுவரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியேறினர். கடல் தொழிலையே நம்பியவர்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தனர். இன்று முகுந்தராயர் சத்திரம், கம்பிப்பாடு, பாலம் முதலிய இடங்களில் மீனவக் குடும்பங்கள் சிதறி வாழ்கின்றன. சிலர் ஆண்டு முழுவதும் தங்குகின்றனர். வேறு சிலர் பருவத்துக்கேற்ப வந்து செல்கின்றனர். மண்ணில் நட்ட கம்புகளின் மேல் தென்னங்கீற்றும் பனையோலையும் வேய்ந்த குடிசைகளே பெரும்பான்மை.

இங்கு நடைபெறும் மீன்பிடிப்பில் நாட்டுப்படகும் கரைவலையும் முதன்மையானவை. இராமேசுவரத்தில் காணப்படும் பெரிய விசைப்படகுகளுக்கு இங்குத் துறை இல்லை. கரைவலை வளைப்பது பலர் கூடிச் செய்யும் தொழில் ஆகும். வலையின் ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டு, படகில் வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக இறக்கி, மறு நுனியை வேறோர் இடத்தில் கரைக்குக் கொண்டு வருவர். பின்னர் இரு வரிசையாக நின்று ஆண்களும் பெண்களும் மணிக்கணக்கில் இழுப்பர். கரையை நெருங்க நெருங்க இரு வரிசைகளும் ஒன்றையொன்று அணுகும். நடுவிலுள்ள 'மடி' எனும் பையில் மீன் திரளும். சாளை, சூடை, நெத்திலி, காரல் போன்ற சிறு மீன்களே மிகுதி. வலைக்கும் படகுக்கும் உரியவர் பங்கு எடுத்துக்கொண்டபின் எஞ்சியது இழுத்தவர்களுக்குப் பிரிக்கப்படும். 'பாடு' என்பது கடற்கரை வழக்கில் மீன்பிடிப்பைக் குறிக்கும் சொல். பாடு இல்லாத நாளில் பங்கும் இல்லை. விற்காமல் எஞ்சும் மீனைப் பெண்கள் உப்பிட்டுக் கருவாடாக உலர்த்துகின்றனர்.

வாழத் தகுதியற்றது என்ற அறிவிப்பு வெறும் தாள் அன்று. அதன் விளைவை ஒவ்வொரு அடிப்படைத் தேவையிலும் காணலாம். புயலுக்குப் பின் பல பத்தாண்டுகள் மின்சாரம் வரவில்லை. சூரிய ஒளி விளக்குகள் வரும்வரை மண்ணெண்ணெய் விளக்கே துணை. குடியிருக்கும் மணலுக்குப் பட்டா இல்லை. நோயுற்றோரையும் பேறுகாலப் பெண்களையும் சாலை வருமுன் மணல்வெளி கடந்து இராமேசுவரம் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. தொடக்கக் கல்விக்கு இங்கு அரசுப் பள்ளி உண்டு. மேற்படிப்புக்கு இராமேசுவரமே செல்ல வேண்டும்.

நன்னீர்

இரு கடல்களுக்கு இடைப்பட்ட மணல் நாக்கில் குடிநீர் கிடைப்பது வியப்புக்குரியது. மணலில் சில அடி தோண்டினால் நன்னீர் ஊறும். பெண்கள் அதனைக் கொட்டாங்கச்சியால் சிறிது சிறிதாக முகந்து குடத்தை நிரப்புவர்.

இது தெய்வச் செயல் எனப் பயணிகளுக்குச் சொல்லப்படினும், இதற்கு எளிய இயற்பியல் விளக்கம் உள்ளது. மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே நிலத்தடியில் உள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கணக்கின்படி, கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கக்கூடும். இதே கணக்கு எதிர்த்திசையிலும் பொருந்தும். பொறி கொண்டு மிகுதியாக இறைத்து நீர்மட்டத்தை ஒரு சாண் தாழ்த்தினாலும் உப்புநீர் பல மடங்கு மேலேறும், ஊற்று உவர்ப்பாகிவிடும். ஆகவே கொட்டாங்கச்சியால் முகப்பது ஏழ்மையின் அடையாளம் மட்டுமன்று. இந்நிலத்திற்கு ஏற்ற முறையும் அதுவே. விடுதிகளும் உணவகங்களும் இங்குப் பெருகுமானால் முதலில் பாதிக்கப்படுவது இவ்வூற்றுகளே.

எல்லையோரம்

பாக்கு நீரிணையில் இந்திய - இலங்கைக் கடல் எல்லை 1974இலும், மன்னார் வளைகுடாவில் 1976இலும் ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்டது. முதல் ஒப்பந்தத்தால் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. தலைமுறைகளாக ஒரே கடலாக இருந்தது இரண்டானது. எல்லை தாண்டியதாக இராமேசுவரம் தீவின் மீனவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்படுவதும், படகுகள் பறிமுதலாவதும் தொடர்கின்றன. இழுவலைப் படகுகளால் தங்கள் கடலடி வளம் அழிவதாக இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர் கூறும் குறையும் இதில் சேர்த்து எண்ணத்தக்கது. தனுஷ்கோடியின் நாட்டுப்படகு மீனவர்க்கும் இழுவலையால் அதே இழப்புத்தான்.

1983க்குப் பின் இலங்கைத் தமிழ் அகதிகள் படகுகளில் வந்திறங்கிய கரைகளுள் அரிச்சல்முனையும் ஒன்று. கரைவரை வர அஞ்சும் படகோட்டிகள் மணல் திட்டுகளில் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியதும் உண்டு. 2022 மார்ச் முதல், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் மீண்டும் குடும்பங்கள் இவ்வாறே வந்தன. அவர்கள் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாம், ஒரு காலத்தில் இலங்கைக்குச் செல்வோர் தங்கிய ஊரிலேயே உள்ளது.

ஆதாம் பாலத்தின் குறுக்கே கப்பற்கால்வாய் அமைக்கும் எண்ணம் 1860இல் டெய்லர் என்பவரால் முன்வைக்கப்பட்டது. அதன் பிற்கால வடிவமான சேது சமுத்திரத் திட்டம் 2005 சூலை 2 அன்று மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங்கால் தொடங்கிவைக்கப்பட்டது. சமய உணர்வு, சுற்றுச்சூழல் ஆகிய காரணங்களால் வழக்குகள் எழுந்து பணி நின்றது.

சுற்றுலா

2017க்கு முன் முகுந்தராயர் சத்திரத்துடன் சாலை முடிந்தது. அதற்கப்பால் மணலிலும் தேங்கிய நீரிலும் செல்லக்கூடிய வேன்களில் பயணிகளை நெருக்கி அமர்த்தி அழைத்துச் சென்றனர். முதுகெலும்பைச் சோதிக்கும் அப்பயணத்தை அனுபவித்தவர் மறக்கமாட்டார். 2017 சூலை 27 அன்று பிரதமர் நரேந்திர மோதி 9.5 கி.மீ. நீளமுள்ள புதிய சாலையைத் திறந்துவைத்தார். அரிச்சல்முனை வரை சொந்த ஊர்தியிலேயே செல்ல முடிகிறது. அரசுப் பேருந்தும் உண்டு. முனையில் அசோகச் சின்னம் தாங்கிய தூண் ஒன்று நிறுவப்பட்டுள்ளது.

பவளப் பாறைக் கற்களாலும் சுண்ணாம்புக் காரையாலும் கட்டப்பட்ட தேவாலயத்தின் சுவர்கள், தொடர்வண்டி நிலையத்தின் தூண்கள், அஞ்சலகம், நீர்த்தொட்டி ஆகியவற்றின் சிதைவுகள் எஞ்சியுள்ளன. உப்புக்காற்றில் இவை ஆண்டுதோறும் தேய்ந்து வருகின்றன, மேலேறுவது பாதுகாப்பன்று. வழியிலுள்ள கோதண்டராமர் கோயில் 1964 புயலிலும் நிலைத்து நின்றது. வீடணனுக்கு இராமன் முடிசூட்டிய இடமாக அது கருதப்படுகிறது.

சாலையால் மீனவர்க்குக் கிடைத்தவை பல: மீன் விரைவில் சந்தைக்குச் செல்கிறது, பிள்ளைகள் பேருந்தில் செல்கின்றனர், பெண்கள் மீன் வறுவல், சங்கு, சிப்பி மாலைக் கடைகளால் வருவாய் ஈட்டுகின்றனர். வேன் ஓட்டியவர்கள் தொழிலிழந்தனர். குப்பை பெருகியது. வருவாயில் பெரும்பங்கு இராமேசுவரத்து விடுதிகளுக்கே செல்கிறது. மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி என ஓடும் பயணிகள் தனுஷ்கோடியில் செலவிடுவது ஓரிரு மணி நேரமே. விளம்பரங்களில் வரும் 'பேய் நகரம்' என்ற பெயர், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் ஓர் ஊருக்குப் பொருந்தாதது.

அரிச்சல்முனையில் இரு கடலின் நீரோட்டங்களும் மோதுவதால் நீந்துதல் ஆபத்தானது. இரவில் தங்க அனுமதியில்லை. மாலைக்குள் திரும்பிவிட வேண்டும்.

உயிரினங்கள்

வாடைப் பருவத்தில் கடலோர நீர்ப்பரப்புகளுக்குப் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் வருகின்றன. தனுஷ்கோடியில் 524.7 எக்டேர் பரப்பைப் பெரும் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு 2025 சூன் மாதத்தில் அறிவித்தது. சிற்றாமைகள் கரையேறி முட்டையிடும் இடமுமாதலால், வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. பயணிகள் வாங்கும் சங்குகளிலும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனங்கள் உள்ளன.

செல்லும் வழி

அருகிலுள்ள வானூர்தி நிலையம் மதுரை. மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியாக இராமேசுவரத்திற்குத் தொடர்வண்டியும் பேருந்தும் உள்ளன. பாம்பனில் 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலமும், பழைய இருப்புப்பாதைப் பாலத்திற்கு மாற்றாக 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட செங்குத்துத் தூக்குப் பாலமும் கடலைக் கடக்கின்றன. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீண்டும் இருப்புப்பாதை அமைக்க 2019 மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சுற்றுச்சூழல் காரணங்களைக் காட்டித் தமிழக அரசு அதற்கு உடன்படவில்லை.